ஐந்தாவது பட்டன்

செப்டம்பர் 6, சனி

இந்த நோட்டை வேதியியலுக்கென்று வாங்கினேன். வேதியியலுக்கு வேறு நோட்டு வாங்கிக்கொள்ளலாம். இது குணசீலனுக்கு.

குணசீலன் என்பவர் அம்மா வேலை செய்யும் நூல் மில்லின் ஷிப்ட் சூப்பர்வைசர். இன்று மாலை ஷெட் வாசலில் எல்லாரையும் நிற்க வைத்து அம்மாவுக்குச் சிவப்பு ஏப்ரன் கொடுத்திருக்கிறார். மற்ற பெண்களுக்கெல்லாம் வெளிர் நீல ஏப்ரன், இடுப்பைச் சுற்றி முட்டிவரை வருவது. ஒரு வாரத்தில் யாருடைய மெஷின் அதிக நேரம் நிற்கிறதோ, அவர் அடுத்த வாரம் முழுக்கச் சிவப்பு கட்ட வேண்டும். மில்லில் ஒரே ஒரு சிவப்பு ஏப்ரன்தான் உண்டு. சனிக்கிழமை அதைத் துவைத்துக் குணசீலனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் அடுத்த ஆளின் கையில் கொடுப்பார். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வசந்தாமணி அக்காதான் வந்து சொன்னார். அம்மா சொல்லவே இல்லை. ஏப்ரனைச் சாப்பாட்டுப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

"பதினாலு வருசமா இழை போடுற கையி. இந்த மில்லுல உங்கொம்மா மாதிரி அறுந்த நூலைப் புடிச்சு முடிய ஆளில்ல. அவளுக்குப் போயி செகப்புக் குடுக்கறானாமா, பெரிய கலெக்டரு" என்றார் அக்கா.

"வுடு வசந்தா, துணிதான" என்றார் அம்மா. முகம் வெளுத்திருந்தது. அவமானம் மனிதரை வெளிறச் செய்யும் என்று நான் படித்திருக்கிறேன். இன்று கண்ணால் பார்த்தேன்.

அப்பா லாரியில் நாக்பூர் போயிருக்கிறார். அவரிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார். நோட்டில் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

எதிரியைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குணசீலனுக்குக் கண்ணாக இருப்பது ஒரு பெட்டி. போன மாதம் ஒவ்வொரு மெஷினிலும் ஒன்றைப் பொருத்தினார்கள். செங்கல் அளவுக் கறுப்பு உலோகப் பெட்டி. உள்ளே முழுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. விசிறி இல்லை. முதுகில் சீப்புப் பல் போல வரி வரியாக இருக்கும், சூடு அதன் வழியே வெளியேறிவிடுமாம். பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா. மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று வயர் இல்லாமலே வாசலில் உள்ள பெரிய போர்டுக்குச் சொல்லிவிடும். போர்டில் ஆள் பெயர்கள் வரிசையாக எரியும், ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

பெட்டியில் ஐந்து பட்டன்கள். மெஷினை நிறுத்தினால் காரணத்தை அமுக்க வேண்டும்: இழை, பாபின், ரிப்பேர், கரண்ட். ஐந்தாவதில் எதுவும் எழுதியிருக்காது. ஒரு காரணமும் அமுக்காவிட்டால் போர்டில் 'ஆள் இல்லை' என்று வரும். அம்மாவின் பெயருக்கு நேரே அதுதான் வருகிறது.

"ஆள் இல்லைன்னா என்னம்மா? நீ அங்கதான நிக்கிற?"

"நிக்காம எங்க போறேன்? போயி படி."

பெட்டி பொய் சொல்கிறது. அல்லது குணசீலன் அதைப் பொய் சொல்ல வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 10, புதன்

காலாண்டுத் தேர்வு அட்டவணை வந்துவிட்டது. குணசீலன் புதிய பைக் வாங்கியிருக்கிறார். வெள்ளை.

செப்டம்பர் 13, சனி

மறுபடியும் அம்மாவுக்கே சிவப்பு. துவைத்துக் கொண்டுபோனார், அவர் வாங்கி, அப்படியே திருப்பி அம்மாவிடமே நீட்டினாராம். "தெய்வானைக்கு இது புடிச்சுப்போச்சாட்ட இருக்குது" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்தாராம்.

ஒரு மனுஷியைத் தன் அவமானத்துக்குத் தானே சிரிக்கும்படி ஆக்குவதைவிடக் கொடுமை உண்டா?

வசந்தாமணி அக்கா இன்னொன்றும் சொன்னார். ஒரு மாதம் விடாமல் சிவப்பு வாங்கினால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அக்டோபர் 4 சனிக்கிழமையோடு ஒரு மாதம்.

"முன்னாடியெல்லாம் ஒருத்தி வெளிய போனா இன்னொருத்தி பாத்துக்குவோம். இப்ப அவ மெசினை நாந் தொட்டா அந்நேரம் என்ற மெசினு நின்னுரும். பெட்டிக்கு ஒரு பேருதான் தெரியும்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டு வேலை எல்லாவற்றையும் நானே செய்தேன். குழாயில் இரண்டு குடம் பிடித்ததற்கே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கோபத்தை அடக்கினால் மூச்சு வாங்கும். நான் அடக்கவில்லை, அதனால் நான்கு குடம் தூக்கினேன்.

மதியம் பீட்ரூட் பொரியல், முருங்கைக்கீரைப் பொரியல், பேரீச்சம்பழம். ஏன் இப்படித் தினமும் கீரை என்று கேட்டேன். "மலிவா கெடச்சுது" என்றார். அம்மா இப்போது கட்டிலில் படுப்பதில்லை. கறுப்புப் பழைய சேலையைத் தரையில் விரித்துப் படுக்கிறார். அதை அவரே விடியும் முன்பு துவைத்துவிடுகிறார். தண்டனையைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

எனக்கு வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட்டுகள் தீர்ந்துவிட்டன. கடைக்குப் போக வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

இன்று எதிரியின் பலவீனம் தெரிந்தது.

பெட்டிகளைப் பொருத்த வந்த இன்ஜினியர் அகல்யா அக்கா மில் விருந்தினர் அறையில் தங்கியிருக்கிறார். திருச்சிக்காரர். எங்கள் வரிசைக் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார். நான் இயற்பியல் புத்தகத்தோடு போய் அப்பாவி போல நின்றேன்.

"அக்கா, அந்தப் பெட்டி மேல தண்ணி கொட்டுனா?"

"ஒண்ணும் ஆகாது."

"பஞ்சு அடைஞ்சா?"

"அடையறதுக்கு ஓட்டையே இல்லையே."

"கீழ விழுந்தா? சூடு பட்டா?"

"ஏம்மா கோகிலவாணி, உனக்கு என் பெட்டி மேல அப்படி என்ன பாசம்?" என்று சிரித்தார். பிறகு பெருமையாகச் சொன்னார். "ஃபவுண்டரியில வச்சிருக்கோம், துறைமுகத்துல வச்சிருக்கோம், சாயப்பட்டறையில வச்சிருக்கோம். எதுக்கும் அசராது. ஒரே ஒரு விஷயம்தான். ஆன்டெனாவைச் சுத்தி உலோகத்தால மூடிட்டா அதுக்கு வாய் அடைஞ்சிடும். சொல்ல வேண்டியதை உள்ளேயே சேத்து வச்சுக்கிட்டு, திறந்ததும் சொல்லும்."

"அதுவரைக்கும் போர்டு என்ன காட்டும்?"

"பெட்டிகிட்டேருந்து பேச்சே வரலைன்னா மெஷின் நின்னுடுச்சுன்னு எடுத்துக்கும். சிவப்பு."

நல்ல அக்கா. அவரை வெறுக்க முயற்சி செய்தேன். முழுதாக முடியவில்லை. ஐந்தாவது பட்டன் எதற்கு என்றும் கேட்டேன். சும்மா விட்டிருக்கிறோம், பின்னால் மில்காரர்கள் ஏதாவது கேட்டால் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

செப்டம்பர் 20, சனி

மூன்றாவது முறை சிவப்பு. எழுத ஒன்றுமில்லை. எழுதினால் பேனா தாளைக் கிழித்துவிடும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சோதனை. பிரியாணி கட்டும் சில்வர் ஃபாயிலில் அம்மாவின் போனைச் சுற்றி, வசந்தாமணி அக்கா போனிலிருந்து அழைத்தேன். ஒரு சுற்று சுற்றியபோது மணி அடித்தது. இரண்டு சுற்று சுற்றி ஓரங்களை நன்றாக மடித்து மூடினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். அவ்வளவு இனிமையான குரலை நான் கேட்டதே இல்லை.

"போனைப் பொட்டலங் கட்டி என்ன பண்ற?" என்றார் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

"பிராக்டிகல்மா."

ஆனால் மில்லுக்குள் எப்படிப் போவது?

செப்டம்பர் 24, புதன்

குணசீலனே வழி திறந்துவிட்டார்!

ஆயுத பூஜைக்கு முதலாளி திருப்பூரிலிருந்து நூல் வாங்கும் பெரிய ஆட்களை அழைத்து வருகிறாராம். புதிய போர்டைக் காட்டப் போகிறாராம். அதனால் இந்த வருடம் மெஷின்களோடு பெட்டிகளையும் ஜோடிக்க வேண்டும், தொழிலாளர் பிள்ளைகள் செய்யலாம், நல்ல அலங்காரத்துக்குப் பரிசு உண்டு என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்.

பள்ளி விட்டதும் நேராக அவரிடம் போனேன். முதல் முறை பக்கத்தில் பார்க்கிறேன். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"சார், எல்லாப் பெட்டிக்கும் நானே பண்ணித் தரட்டுங்களா? ஒரே மாதிரி இருந்தா அழகா இருக்கும்."

"நீ யாரு புள்ள?"

"தெய்வானை மகளுங்க."

"ஓ, செகப்பு தெய்வானை மகளா!" என்று சிரித்தார். "உங்கொம்மாளுக்கும் சேத்து நீ சுறுசுறுப்பா இருக்கற. பண்ணு, பண்ணு. ஜிகினாவெல்லாம் தாராளமாப் போடு. பளபளன்னு இருக்கோணும்."

"தாராளமாப் போடறேனுங் சார்."

செப்டம்பர் 27, சனி

நான்காவது முறை. அம்மா சிவப்பைக் கட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வெளியே தெரியும்படி. அவருக்கு உறைக்கவே இல்லையா? எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இதையும் எழுதிவைக்கிறேன், உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக.

செப்டம்பர் 30, செவ்வாய்

முடிந்தது. ஆன்டெனாவுக்கு ஒரு கோபுரம், பெட்டிக்கு ஒரு மண்டபம். வெளியே ரோஸ், பச்சை, தங்க ஜிகினா. உள்ளே இரண்டு சுற்று சில்வர் ஃபாயில். கோபுரத்தின் அடி பெட்டியின் உடம்போடு ஒட்டி உட்காரும்படி செய்திருக்கிறேன். நாளைக் காலை பூஜைக்காக மெஷின்களை நிறுத்தியதும் பொருத்திக்கொள்ளலாம் என்று அனுமதி. சந்தனம் குங்குமம் வைத்த அலங்காரத்தை மறுபூஜை வரை யாரும் தொட மாட்டார்கள். சாமி குற்றம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. "நாளைக்கு நான் வரலீன்னா என்ன கண்ணு? கெறக்கமா இருக்குது" என்றார். வரத்தான் வேண்டும் என்றேன். அவர் பார்க்காமல் எப்படி?

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஷெட்டே திருவிழா போல இருந்தது. மாவிலை, வாழைக்கன்று, பொரி, சுண்டல். பூசணிக்காய் உடைத்தார்கள். விருந்தாளிகள் என் கோபுரங்களைப் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். எனக்குத்தான் முதல் பரிசு. குணசீலன் கையால் ஒரு ஹாட்பாக்ஸ். கை தட்டினார்கள்.

பிறகு முதலாளி பச்சை சுவிட்சை அமுக்கினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக எழுந்து, பேச்சே கேட்காத இரைச்சல் வந்தது. எல்லாரும் வாசலுக்கு வந்து போர்டைப் பார்த்து நின்றோம். குணசீலன் கையை நீட்டிக்கொண்டு நின்றார், இதோ பச்சை வரும் என்று.

ஒரு பெயர்கூடப் பச்சையாகவில்லை. மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

"ஏனுங்க, மெசினு பூராம் நிக்குதுன்னு காட்டுதே?" என்றார் ஒரு விருந்தாளி. இன்னொருவர், "நம்மளுக்குத்தான் காது கேக்குதாட்ட இருக்குது, போர்டுக்குக் கேக்கல" என்றார். சிரிப்பு.

முதலாளி முகம் மாறியது. "குணசீலா, என்றா இது?"

"ஒரு நிமிசமுங்க... நெட்வொர்க்குங்க..." வியர்வையில் அவருடைய திருநீறு கரைந்தது. அகல்யா அக்கா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் ஹாட்பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை.

அப்போது பின்னாலிருந்து வசந்தாமணி அக்காவின் குரல். "எல்லாப் பேரும் செகப்புங் முதலாளி. அப்ப இந்த வாரம் ஏப்ரன் யாருக்குங்?"

பெண்கள் சிரித்தார்கள். முதலாளிக்குத் தப்பிக்க அந்தச் சிரிப்பே வழியாகிவிட்டது. அவரும் சிரித்தார். "வேற யாருக்கு? இந்தப் போர்டு வேணும்னு என்ற காசைக் கரியாக்குனவனுக்குத்தான். எங்க அந்த ஏப்ரன்? கொண்டாங்க, கட்டி உடுங்க இவனுக்கு!"

எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க. இருக்கட்டுங்க."

"அட, குடும்மா. பயப்படாத" என்றார் முதலாளி.

"இருக்கட்டுங்க சாமி."

அம்மா பயப்படுகிறார் என்று நினைத்தேன். இத்தனை நாள் அழுத்தி வைத்தது, நிமிர முடியவில்லை என்று நினைத்தேன். "அவுத்துக் குடும்மா!" என்று ஒரு குரல் கத்தியது. அது என் குரல். பிறகு எல்லாரும், "குடு தெய்வானை, குடு தெய்வானை" என்று கை தட்டத் தொடங்கினார்கள்.

அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார்.

சிவப்புக்குக் கீழே அவருடைய வெளிர் நீலச் சேலை. இடுப்பிலிருந்து முட்டிவரை அது நீலமாக இல்லை.

கைதட்டல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நின்றுகொண்டே போனது. மெஷின்கள் மட்டும் ஓடின. வசந்தாமணி அக்கா ஓடிவந்து தன் ஏப்ரனை அவிழ்த்து அம்மாவைச் சுற்றினார். "திரும்புங்கய்யா அந்தப் பக்கம்! அக்கா தங்கச்சி இல்லாம பொறந்தீங்களா?" என்று முதலாளி உட்பட எல்லாரையும் பார்த்துக் கத்தினார். அம்மா அப்படியே தூணோடு சரிந்து உட்கார்ந்தார்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது என் கையில் சிவப்பு ஏப்ரன் இருந்தது. ஹாட்பாக்ஸை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

அரசு மருத்துவமனை. கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தம் போயிருக்கிறது. உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார் டாக்டர். "கூட யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

அப்பா வந்துகொண்டிருக்கிறார்.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறியதும் அம்மா பேசினார்.

"அந்தச் செகப்பு எனக்கு வசதியாத்தாங் கண்ணு இருந்துச்சு. கறை தெரியாது. மொத வாரம் குடுத்தப்ப அழுகை வந்துச்சு. அப்புறம் சாமி குடுத்த மாதிரி ஆயிப்போச்சு. சனிக்கெழம வேற யாருக்கும் குடுத்துருவாரோன்னுதான் எனக்குப் பயம்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குப் பரீட்சை. ஆயுத பூஜை முடியட்டும், லீவு சொல்லிட்டு ஆசுபத்திரி போலாம்னு இருந்தேன்."

"மெஷினை நிறுத்திட்டு நீ..."

"பாத்ரூமுக்குத்தான். பின்ன என்ன பண்றது? ரிப்பேருன்னு அமுத்துனா பொய்யி. இழைன்னா பொய்யி. அந்தப் பேரில்லாத பட்டனை அமுத்திட்டுப் போவேன். எதாச்சும் ஒண்ணு சொல்லிட்டுப் போகோணும்ல."

மாலை அகல்யா அக்கா வந்தார். கோபுரங்களை அவரே கழற்றினாராம். உள்ளே இருந்த ஃபாயிலைப் பார்த்தாராம். யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் திட்டவில்லை. அம்மா சொன்ன பட்டன் விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துச்சு" என்றார். "தினமும் வந்துச்சு. எட்டாம் நம்பர் மெஷின்லேருந்து மட்டும் அஞ்சாவது பட்டன். பட்டன்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சு நான்தான் அதைக் கணக்குல சேக்காம விட்டேன்."

பெட்டி பொய் சொல்லவில்லை. அம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறது. கேட்கிற இடத்தில்தான் ஒருவரும் இல்லை. அந்த ஒருவரும் இல்லாத இடத்தில் என் பெயரையும் எழுத வேண்டும், அதுவும் முதலில். எழுதிவிட்டேன்.

ஆனால் குணசீலனின் பெயரை அடிக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது குணசீலன் வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் ரத்தப் பாட்டிலைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆப்பரேசன் முடிஞ்சு தேறி வர்ற வரைக்கும் முதலாளி லீவு குடுத்துட்டாரு. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. குவார்ட்டர்ஸும் அப்புடியே இருக்கட்டும்னுட்டாரு."

"சரிங் சார்."

"ஒடம்பு சரியில்லீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"யாருகிட்டங் சார்?"

ஆப்பிளை ஸ்டூலில் வைத்தார். போகத் திரும்பியவர் தயங்கி, "அந்த ஏப்ரனு... மில் சாமானு. ஸ்டோர்ல ஒப்படைக்கோணும். இனிமே அது வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, ஏப்ரனை எடுத்து, நான்காக மடித்திருந்தபடியே இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"தொவச்சாச்சா?" என்றார், பழக்கத்தில்.

"பாத்தாத் தெரியாதுங் சார். செகப்புத்தானுங்களே."

நகரப் போனவர் நின்றார். அக்குளிலிருந்து மெல்ல எடுத்தார். மடிப்பு அட்டை போல விறைத்திருந்தது. விரல்கள் அதன்மேல் ஓரிடத்தில் பட்டு விலகின. கீழே வைக்க இடம் தேடினார். பக்கத்துக் கட்டிலில் ஒரு நோயாளி, ஸ்டூலில் அவர் கொண்டுவந்த ஆப்பிள். வைக்க இடமில்லை. சட்டையில் படாதபடி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த நீண்ட வார்டில், இரண்டு பக்கமும் படுத்திருந்த பெண்கள் பார்க்க, கடைசிவரை நடந்து போனார். கதவு தாண்டும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

அம்மா விழித்துக்கொண்டார்.

"யாரு கண்ணு வந்தது?"

"மில்லுல இருந்தும்மா. ஏப்ரனை வாங்கிட்டுப் போனாங்க."

"அய்யோ, தொவச்சுக் குடுத்தியா?"

"ம்" என்றேன்.